இரட்டை விசில்

செப்டம்பர் 4, திங்கள்

முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் ட்ரிப் ஷீட் எழுதிய கை சும்மா இருக்காது என்று மகளுக்குத் தெரியும். வந்து இறங்கியதும் ஒரு நோட்டைக் கையில் கொடுத்துவிட்டாள். பார்ப்பதையெல்லாம் எழுத வேண்டுமாம், அம்மா வந்ததும் படிப்பாளாம். அம்மா என்பது என் மனைவி சரோஜா. மகள் கோகிலாவுக்கு இது ஏழாவது மாதம். பிரசவம் பார்க்க சரோஜா அடுத்த மாதம் வருகிறாள். அதற்கு முன்னால் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுப் போக நாங்கள் இரண்டு கிழவர்கள் வந்திருக்கிறோம்.

ஊரின் பெயர் பன்யூல்ஸ். பிரான்சின் தெற்குக் கோடி, இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஸ்பெயின். கோகிலா இங்கே கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்கிறாள். மருமகன் வார நாட்களில் வெளியூரில் இருப்பார். வாசலில் நின்றால் மத்தியதரைக் கடல் தெரிகிறது. திரும்பி நின்றால் மலை தெரிகிறது. அந்த மலை முழுக்கப் படிப்படியாகக் கல் அடுக்கித் திராட்சை வைத்திருக்கிறார்கள்.

என்னோடு வந்திருப்பவர் செங்கோடண்ணன். நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகும் பஸ்ஸில் பத்தொன்பது வருடம் அவர் டிரைவர், நான் கண்டக்டர். எழுபது கொண்டை ஊசி வளைவு, தினமும் இரண்டு நடை. கட்டிய மனைவியோடு இருந்ததைவிட அவரோடு இருந்த நேரம் அதிகம் என்று சரோஜாவே சொல்லிக் காட்டுவாள். கோகிலாவுக்கு அவர் பெரியப்பா. ஐந்து வருடமாக அவர் எந்த வண்டியின் ஹேண்டில்பாரையும் தொட்டதில்லை. மொபெட்டைக்கூடக் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டால் ஊரில் எல்லோரும் ஒரு காரணம் சொல்வார்கள். அந்தக் காரணத்துக்குப் பின்னால் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த இரண்டு வாரத்துக்குள் அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் ஊர் திரும்பக் கூடாது. சரோஜா, நீ இதைப் படிக்கும்போது நான் சொல்லி முடித்திருப்பேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

கார் நிறுத்துமிடத்தில் ஒரு விசித்திரமான சைக்கிள் நிற்கிறது. இரண்டு சீட்டு, இரண்டு ஹேண்டில்பார், நான்கு பெடல். கோகிலாவும் மருமகனும் வாங்கியது. வயிறு பெரிதானதும் சும்மா கிடக்கிறதாம். நீங்கள் இரண்டு பேரும் ஓட்டுங்கள் என்று விளக்கினாள். முன்னால் இருப்பவர் கையில்தான் திருப்புவது, பிரேக், கியர் எல்லாம். பின்னால் இருப்பவர் மிதித்தால் போதும். பின் ஹேண்டில்பார் பிடித்துக்கொள்ள மட்டும், அது திரும்பாது.

செங்கோடண்ணன் நேராகப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தார். கோகிலா என்னைப் பார்த்தாள். நான் ஹெல்மெட் வாரைச் சரி செய்தேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மிதித்தால்தான் வண்டி கிளம்பும். யாராவது சொல்ல வேண்டும். என் சட்டைப் பையில் பழைய விசில் இருக்கிறது. ஒன்று ஊதினால் நில், இரண்டு ஊதினால் கிளம்பு. ரிட்டயர் ஆன பிறகும் அதை விட மனசு வரவில்லை. எடுத்து நீட்டினேன். "அது உன்ற பொருளு முத்து, நீயே வெச்சுக்க" என்றார். பிறகு பின்னால் திரும்பி, தெருவின் இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "போலாம் ரைட்" என்றார். பத்தொன்பது வருடம் நான் சொன்ன வார்த்தையை அவர் சொல்லிக் கேட்டபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மீன் கடை வரை போனோம். திரும்பும்போது விழுந்தோம். நான்தான் பிரேக்கைச் சட்டென்று பிடித்துவிட்டேன். முழங்காலில் சிராய்ப்பு. மீன் கடைக்காரி ஓடி வந்து தூக்கிவிட்டாள். அவள் பேசியது புரியவில்லை, திட்டியது புரிந்தது.

செப்டம்பர் 6, புதன்

சைக்கிள் சீட் கொடுத்த வலியில் உட்கார முடியவில்லை. அதனால் நின்றுகொண்டு எழுதுகிறேன். வேறு விசேஷம் இல்லை.

செப்டம்பர் 7, வியாழன்

பன்யூல்ஸிலிருந்து கடலோரமாக வடக்கே கொல்யூர் என்ற ஊர் வரை போய் வந்தோம். அண்ணனுக்கு அந்தப் பெயர் பிடித்துப் போயிற்று. நம்ம கொல்லிமலைக்காரன் எவனோ வந்து வைத்திருப்பான் என்றார். அங்கே கோட்டையைக் கடல் அலை வந்து தொடுகிறது. படகெல்லாம் புதுப் பெயின்ட் அடித்த நம் ஊர் லாரி மாதிரி இருந்தன.

சாலை ஏறி இறங்கி வளைந்து போகிறது. செங்குத்தான ஏற்றத்தில் இறங்கித் தள்ளினோம். இப்போது திராட்சை அறுவடை. சரிவில் டிராக்டர் போக முடியாது என்பதால் ஆட்கள் முதுகில் கூடை கட்டிச் சுமக்கிறார்கள். ஒரு பெண் கூடையோடு சாலையைக் கடந்தாள். நான் வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டேன். அவள் கடந்து, சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைந்த பிறகும் அண்ணன் ரைட் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் நினைத்தது ஒன்றுதான்.

சரோஜா, உனக்குத் தெரிந்த கதைதான். ஐந்து வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம், முப்பத்தெட்டாவது வளைவு. பொன்னாயி அன்னாசிக் கூடையோடு பின்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில். வண்டி நகர்ந்துவிட்டது. கீழே விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. இன்றைக்கும் சாய்ந்துதான் நடக்கிறாள்.

விசாரணையில் அண்ணன், விசில் கேட்டது, எடுத்தேன் என்றார். என்னைக் கேட்டார்கள், விசில் கொடுத்தீர்களா என்று. கொடுத்ததாக நினைவில்லை என்றேன். இல்லை என்று நான் சொல்லவில்லை. நினைவில்லை என்றுதான் சொன்னேன்.

அதைக் கேட்டதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அதிகாரிகளிடம், கண்டக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், எனக்குக் கேட்ட மாதிரி இருந்திருக்கும் என்றார். இரண்டு மாதம் சஸ்பெண்ட். திரும்பி வந்தபோது, மலை வண்டி வேண்டாம், எந்த வண்டியும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ரிட்டயர் ஆகும்வரை டிப்போ ஷெட்டில் இருந்தார்.

செப்டம்பர் 9, சனி

இன்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு முனையில் கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதுவரை போய்ச் சுவரில் உட்கார்ந்தோம். வழியில் ஒரு தோட்டக்காரர் கொடுத்த திராட்சையைத் தின்றோம். கறுப்பாக, சின்னதாக, தேன் மாதிரி இருந்தது. தண்ணீரே விடாமல் இந்தக் கல்லில் எப்படி வருகிறது என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். வேர் தண்ணீரைத் தேடிக் கல்லுக்குள் ஆழமாகப் போகுமாம், தோட்டக்காரர் சொன்னதைக் கோகிலா போனில் மொழிபெயர்த்தாள். சந்தோஷமாக இருந்தார். அவரை இப்படிப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று.

அண்ணா, ஒரு விஷயம் என்று ஆரம்பித்தேன். என்ன என்றார். மத்தியானம் சாதம் வைப்பதா, சப்பாத்தி போடுவதா என்று கேட்டேன்.

அரிசியும் பருப்பும் போட்டு அவரே சமைத்தார். கோகிலா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். சமையலறையில் நின்றபடி அவள் தலையில் அவர் கை வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். பெற்ற எனக்கு அது தோன்றவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

மலையிலிருந்து காற்று. கதவைத் திறக்க முடியவில்லை. சைக்கிள் படுத்துக் கிடக்கிறது. எனக்கு நிம்மதி.

செப்டம்பர் 12, செவ்வாய்

காலையில் கோகிலா பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். செக்கப்புக்குப் போவதாகச் சொன்னார்கள், அவளுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் அண்ணன் நேராக மாடிக்குப் போய்விட்டார். கோகிலா என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, பெரியப்பாவுக்குக் காது டெஸ்ட் பண்ணக் கூட்டிட்டுப் போனேன். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க."

வந்த முதல் நாளே அவளிடம் கேட்டிருக்கிறார். ஊரில் மூன்று டாக்டரைப் பார்த்தாயிற்றாம். மூன்று பேரும் காது நன்றாக இருக்கிறது என்றார்களாம். வெளிநாட்டு மிஷினிலாவது தெரியுமா என்று பார்க்க வந்திருக்கிறார். கடல் பார்க்க இல்லை. இங்கேயும் அதையே சொல்லிவிட்டார்கள், இருபது வயதுக்காரன் காது என்று.

சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்டேன். கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரில் வரும்போது அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். "காது நல்லா இருக்குதுன்னா, அப்ப மண்டையிலதான் கோளாறு, கண்ணு. இல்லாத விசிலு எனக்குக் கேட்டுருக்குது. அப்படிப்பட்டவன் எதை நம்பி ரோட்டுல இறங்கறது?"

பொன்னாயி விழுந்த குற்ற உணர்ச்சியால்தான் அவர் வண்டியை விட்டார் என்று ஊரே நினைக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்து என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். ஐந்து வருடமாக அவர் தன் காதையே நம்பாமல் இருந்திருக்கிறார். என் மேல் ஒரு துளி சந்தேகம் வரவில்லை. முத்து நினைவில்லை என்றால் அது நடந்திருக்காது, அவ்வளவுதான் அவருக்கு.

இப்போது எழுதிவிடுகிறேன். நினைவு இருந்தது.

அன்று காலைதான் கோகிலாவுக்குப் பிரான்சில் படிக்க இடம் கிடைத்த கடிதம் வந்திருந்தது. பஸ்ஸில் ஏறிய ஒருவரையும் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். முப்பத்தெட்டாவது வளைவில் ஒரு மிளகு வியாபாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், என் மகள் பிளைட்டில் போகப் போகிறாள் என்று. வண்டி நின்றது. வழக்கமாக அங்கே ஓர் ஆள்தான் இறங்கும். அந்த ஓர் ஆள் இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று என் வாய்க்குத் தெரியும். பின்படியைப் பார்க்காமல் ஊதினேன். இரண்டு விசில்.

செப்டம்பர் 13, புதன்

ஸ்பெயின் எல்லைக் கணவாய் வரை போகலாம் என்று நான்தான் சொன்னேன். செர்பேர் என்ற ஊரைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் ஏற்றம். பாதி மிதித்து, பாதி தள்ளிப் போய்ச் சேர்ந்தோம். மேலே ஆளில்லாத பழைய செக்போஸ்ட் கட்டிடம். கீழே ஒரு பக்கம் பிரான்ஸ் கடல், ஒரு பக்கம் ஸ்பெயின் கடல். எல்லாம் ஒரே தண்ணீர்தான் என்று அண்ணன் சிரித்தார்.

தண்ணீர் பாட்டிலை அவரிடம் கொடுத்தேன். குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். மூடியைத் திருகியதும் சொன்னேன்.

"அண்ணா, அன்னைக்கு நான் விசில் குடுத்தனுங்க. படியைப் பார்க்காம குடுத்தேன். நினைவில்லைன்னு சொன்னது பொய்."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு லாரி ஏறி வந்து, எங்களைக் கடந்து, அந்தப் பக்கம் இறங்கிப் போனது.

"எத்தனை விசிலு?"

"ரெண்டுங்கண்ணா."

"அப்ப எனக்குக் கேட்டது நெசம்."

"நெசந்தானுங்க."

ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளங்கையால் வலது காதை மெதுவாகத் தேய்த்தார். காணாமல் போய்க் கிடைத்த பிள்ளையைத் தடவுவது போல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. நான் காலில் விழப் போனேன். தள்ளி நின்றுகொண்டார்.

"பயந்துக்கிட்டயா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேலை போய்விட்டால் மகள் படிப்பு நின்றுவிடும் என்று பயந்தேன் என்றேன். உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. மகள் போய்ச் சேர்ந்த பிறகும் நாலரை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதற்குப் பெயர் பயம் இல்லை.

"அஞ்சு வருசம், முத்து" என்றார். செர்பேர் ஸ்டேஷனைப் பார்த்து இறங்கி நடந்தார். ரயிலில் வீட்டுக்குப் போய்விட்டார்.

இரட்டை சைக்கிளைத் தனி ஆளாக ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பின் பெடலும் முன் பெடலும் ஒரே செயினில் கட்டியது. நான் மிதிக்க மிதிக்க, பின்னால் ஆளில்லாத பெடல் பன்யூல்ஸ் வரை சுற்றிக்கொண்டே வந்தது. திராட்சை பறிக்கிறவர்கள் கை காட்டிச் சிரித்தார்கள். நானும் கை காட்டினேன்.

செப்டம்பர் 14, வியாழன்

பேசவில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

கோகிலா கேட்டாள், சொன்னேன். எதுவும் ஒளிக்கவில்லை. அவளுடைய கடிதம் வந்த நாள் என்பதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்னவோ. வயிற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, இனிமேல் சந்தோஷமான செய்தி வந்தால் என்னிடம் கடைசியில்தான் சொல்லப் போவதாகச் சொன்னாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

மத்தியானம் அண்ணன் சமைத்தார். எனக்கும் தட்டு வைத்திருந்தார். அவர் வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். ரசத்தில் உப்பு சரியாக இருந்தது.

செப்டம்பர் 16, சனி

ஊருக்குப் போய்விடலாமா என்று டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் நிம்மதியாக இருக்கட்டும். ஆனால் விட்டுவிட்டு ஓடினால் அதுவும் நினைவில்லை என்று சொன்ன மாதிரிதான். டிக்கெட்டை உள்ளே வைத்துவிட்டேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணன் சைக்கிள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, தலையைச் சாய்த்து, அது ஓடும் சத்தத்தைக் கேட்டார். மறுபடி சுற்றினார், மறுபடி கேட்டார். டிப்போவில் வண்டி எடுக்கும் முன் இஞ்சினை அப்படித்தான் கேட்பார். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்து என்னோடு சேர்ந்து நடந்தார். பிறகு பேசினார், ஊருக்குப் போனதும் என்ன செய்ய வேண்டும் என்று. வருடாவருடம் பொங்கலுக்கு அவர் பொன்னாயி வீட்டுக்குப் போய் வருவது எனக்குத் தெரியாது. போய், என் தப்புத்தான் தாயி என்று சொல்லிவிட்டு வருவாராம்.

"இந்தத் தடவை நீ வரோணும். வந்து உன்ற வாயால அவகிட்டச் சொல்லோணும். டிப்போவுக்கும் எழுதிக் குடுக்கோணும்."

வருகிறேன், எழுதுகிறேன் என்றேன். என் மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்கத் துணிச்சல் இல்லை. கேட்காமலே பதில் வந்தது.

"கோவம் இருக்குது. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

செப்டம்பர் 18, திங்கள்

காலையில் காபி குடித்துவிட்டு வெளியே வந்தேன். சைக்கிள் தெருவில் நின்றது. அண்ணன் சீட்டை உயரம் பார்த்துச் சரி செய்துகொண்டிருந்தார். முன் சீட்டை. கோகிலா வாசலில் நின்றாள். ஒன்றும் பேசாதீர்கள் என்று எனக்குக் கண்ணால் சொன்னாள்.

காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு ஏறினார். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் கை வைத்தார். விரலை மடக்கி, விரித்து, மறுபடி பிடித்தார். பிரேக்கை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.

நான் பின்னால் ஏறிக்கொண்டேன். முதுகு தெரிந்தது. பத்தொன்பது வருடம் டிரைவர் சீட்டில் பார்த்த அதே முதுகு, கொஞ்சம் கூனல் போட்டிருந்தது.

"விசிலு இருக்குதா?"

"இருக்குதுங்கண்ணா."

"குடு."

அவர் கேட்டது வாங்கிக்கொள்ள அல்ல, ஊதச் சொல்லித்தான். விசிலை வாயில் வைத்தேன். ஊதவில்லை. பின்னால் திரும்பினேன். திராட்சைக் கூடைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன டிராக்டர் மெதுவாக வந்துகொண்டிருந்தது. அது எங்களைக் கடக்கட்டும் என்று இருந்தேன். கடந்தது. எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் பையோடு படி இறங்கினாள். கடைசிப் படியை விட்டு அவளுடைய இரண்டு காலும் தரையில் படும்வரை பார்த்தேன். அவள் தெரு முனை திரும்பினாள். வாசலில் கோகிலா இன்னும் அசையாமல் நின்றாள். தெரு காலியாக இருந்தது. இன்னொரு முறையும் பார்த்தேன்.

இவ்வளவு நேரமும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் தாமதம் என்றும் கேட்கவில்லை. ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் பெடலிலும் வைத்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி, காதை மட்டும் என் பக்கம் வைத்திருந்தார்.

இரண்டு விசில் கொடுத்தேன். வண்டியை எடுத்தார்.